பல்லில் தேய்த்த முத்து

1974 மே 12, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. நான்கு குடம் பிடித்தேன். பல்பொடியால் பல் துலக்கி, வெறும் தண்ணீரில் மூன்று முறை கொப்பளித்தேன். ஏழரைக்குச் சர்ச்சில் ஆராதனை. பத்தேகாலுக்கு வீடு திரும்பினோம். அம்மா ஆட்டுக்கறி வைத்தாள். அப்பா சாப்பிட்டுவிட்டு, படுத்த படுக்கையாகக் கிடந்த தம் அண்ணனைப் பார்க்க ஒரு மணி பஸ்ஸில் ஸ்ரீவைகுண்டம் போனார். மூன்றரைக்குத் தலை பின்னிக்கொண்டேன்.

இவ்வளவும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. பத்து வயதில், அப்பாவின் கடைக்கு வந்த டைரி ஒன்று என் கைக்கு வந்ததிலிருந்து ஒரு நாளும் விடாமல் எழுதி வருகிறேன். அந்தப் பக்கத்தின் கடைசி வரி இது: "மாலையில் பக்கத்து வீட்டில் நகை பார்த்தார்கள். நானும் பார்த்துச் சொன்னேன்." சொன்னது என்ன என்று எழுதவில்லை. எத்தனை முறை வாய் கொப்பளித்தேன் என்பதைக் கூட எழுதியவள் அதை மட்டும் விட்டுவிட்டேன். இத்தனை வருடம் கழித்து அதை இப்போது எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு அந்த மே மாதம் மறந்திருக்காது. நாடெங்கும் ரயில் வேலைநிறுத்தம். எங்கள் ஊர் நிலையத்தில் உப்பு மூட்டைகள் அடுக்கிய இடத்திலேயே கிடந்தன. புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகள் மட்டும் நிற்காமல் ஓடின. அவை கிளப்பிய புழுதி உலர்த்திய துணியில் எல்லாம் படியும். மதியத்தில் உதட்டை நக்கினால் கரிக்கும். பள்ளிக்கூடம் விடுமுறை. எனக்குப் பதினொரு வயது.

அப்பா முத்தும் பவளமும் வாங்கி விற்றார். கடை என்றால் எட்டடி அகலம். ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு பித்தளைத் தராசு, முத்தைப் பருமன் வாரியாகச் சலிக்க ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஓட்டைத் தட்டுகள். தட்டைச் சற்றே சாய்த்தால் நேராக ஓடி வருவது ஆணிமுத்து. கோணி ஓடுவது மற்றது. முத்துக்குளிப்பு நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. கடைக்கு வந்தவை எல்லாம் வீடுகளிலிருந்து வந்த பழைய சரங்கள். வாங்க வருபவர்களிடம் அப்பா, சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளியைச் சிப்பி வாய் திறந்து வாங்கிக்கொண்டு முத்தாக்கும் கதையைச் சொல்வார். வீட்டில் நான் கேட்டபோது, "மழையாவது ஒண்ணாவது. உள்ள ஏதோ உறுத்துது, அது தாங்க முடியாம எச்சிலச் சுத்திச் சுத்தி மூடிக்கிடுது. அவ்வளவுதான்" என்றார்.

நல்ல முத்தா, மீன்செதில் சாந்து பூசிய கண்ணாடி மணியா என்று அறிய எங்கள் கடையில் மூன்று வேலை உண்டு. முதலில் சுத்தமான பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். அடுத்து, நூல் நுழையும் துளையின் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். கண்ணாடி மணி என்றால் அந்த இடத்தில் பூச்சு உரிந்து பளபளக்கும். கடைசியாக, முன்பல்லில் லேசாகத் தேய்க்க வேண்டும். முத்து மெல்லிய மணல் போல நறநறக்கும். கண்ணாடி வழுக்கும்.

மூன்றாவது வேலையை அப்பாவால் செய்ய முடியாது. உப்பளத்துக் கரையில் சைக்கிளோடு விழுந்து முன்பற்கள் நான்கும் போய், செட்டுப்பல் வைத்திருந்தார். செட்டுப்பல்லுக்கு உணர்ச்சி கிடையாது. அதனால் என் பல்லைக் கூப்பிட்டார். என் முன்பற்கள் இரண்டும் அகலமானவை; பள்ளியில் அதற்காக என்னை முயல் என்பார்கள். கடையிலோ அதே பல்லுக்காக வியாபாரிகள் காத்திருப்பார்கள். துணியும் உருப்பெருக்கியும் அப்பா கையில். கடைசித் தீர்ப்பு என் வாயில். "பிள்ளையக் கூப்பிடுங்க அண்ணாச்சி, பல்லு சொன்னா சரி" என்பார்கள். தெருவில் எனக்குப் பல்லுக்காரி என்று பெயர். அந்தப் பெயரை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

பக்கத்து வீட்டில் தையலக்கா இருந்தார். வயது இருபத்தாறு. காலையில் நான் உட்பட ஏழு பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித்தருவார். அவரும் அவர் அம்மாவும் மட்டும்தான். எங்களைப் போலப் புராட்டஸ்டண்டு இல்லை, கத்தோலிக்கர்கள்; ஆலந்தலைக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள். அக்காவின் அப்பா முத்துக்குளித்தவர். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கிச் சிப்பியை அள்ளி வலையில் போட்டு, கயிற்றை இழுத்தால் மேலே தூக்குவார்களாம். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் தெரிந்த ஒருவர் படகிலேயே உட்கார்ந்திருப்பாராம். "அவரு மந்திரம் எங்க அப்பாட்ட பலிச்சுது. நெஞ்சுச் சளிகிட்டதான் பலிக்கல" என்று பித்தான் துளைக்கு நூல் ஓட்டிக்கொண்டே அக்கா சொல்வார். அள்ளிய சிப்பியில் குளித்தவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. பலர் அதைக் கரையிலேயே மூடிய சிப்பியாக விற்றுவிடுவார்கள். அவர் விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகத் தம் கையால் அறுத்துப் பார்ப்பாராம். பல பருவங்களில் அப்படிக் கிடைத்தவற்றில் பதினொன்றைச் சேர்த்துவைத்து, மகளுக்கென்று சரமாகக் கோர்த்துவிட்டுச் செத்துப்போனார். நடுவில் இருந்தது பட்டாணிக் கடலை அளவு.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை புதுத் துறைமுகத்தில் மேற்பார்வையாளர். தாயில்லாதவர், அவருடைய அத்தைதான் எல்லாம் பேசினார். அவர்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். மூன்றும் வாசித்தால்தான் கல்யாணம். மே 5 அன்று முதல் ஓலை. 12 அன்று காலை இரண்டாவது ஓலை. அன்று மாலை நகை பார்க்க வந்தார்கள்.

முத்து வியாபாரி என்பதால் அப்பாவையும் இருக்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஊரில் இல்லை. காப்பி கொடுக்க உதவியாக அம்மா போனாள், நானும் போனேன்.

மாப்பிள்ளையின் அத்தை கனத்த உடம்பும் கனத்த சிரிப்பும் உள்ளவர். பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு நகையாக எடுத்துப் பார்த்தார். வளையல் சரி, கம்மல் சரி. முத்துச்சரம் நீலத் துணியில் இருந்தது. நான் அதை முன்பு இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அன்று என்றைக்கும் இல்லாமல் மினுங்கியது.

"அண்ணாச்சி வரலையா?" என்று கேட்டார் அத்தை.

"ஸ்ரீவைகுண்டம் போயிருக்காவ" என்றாள் அம்மா.

"அண்ணாச்சி வராட்டா என்ன, அண்ணாச்சி பல்லு வந்திருக்குல்லா!" அறையில் எல்லோரும் சிரித்தார்கள். "ஏளா பல்லுக்காரி, இங்கன வா. கடிச்சுப் பாத்துச் சொல்லு, எங்க வீட்டுக்கு வரப்போற முத்து எப்படின்னு."

விளையாட்டுப் பேச்சுதான். நான் வெட்கப்பட்டு ஓடியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஓடவில்லை. போய் மண்டியிட்டு, நடு முத்தைப் பிடித்துப் பல்லில் தேய்த்தேன். துடைக்கவில்லை. துளையைப் பார்க்கவில்லை. அப்பாவின் துணியும் உருப்பெருக்கியும் இல்லாமல் பார்ப்பதே பெரிய கெட்டிக்காரத்தனம் என்று அந்த நொடியில் நினைத்தேன்.

வழுக்கியது.

"இது முத்து இல்ல. கண்ணாடி" என்றேன்.

அக்காவின் அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "எம்மா, நல்லாப் பாரும்மா. இவ அப்பா தன் கையால அறுத்த சிப்பி."

இன்னொரு முறை தேய்த்தேன். இன்னொரு முறை வழுக்கியது. "முத்துன்னா மணல் மாதிரி நறநறங்கும். இது வழுவழுன்னு போவுது." வியாபாரிகளிடம் சொல்லும் அதே குரலில் சொன்னேன்.

"சின்னப்பிள்ள பேச்சு. விடுங்க" என்றாள் அம்மா.

"சின்னப்பிள்ள பல்ல நம்பித்தான உங்க வீட்டுக்காரரு பம்பாய் வரைக்கும் முத்து விக்காரு?" அத்தை இப்போது சிரிக்கவில்லை. "கோவிக்கதுக்கு ஒண்ணுமில்ல. அண்ணாச்சி வரட்டும். வந்து ஒரு வார்த்த சொல்லட்டும். அதுக்கு மேல பேசிக்கிடுவோம்."

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். உள்ளறை வாசலில் அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. நான் தவறாகத் தைத்த துணியைக் கையில் வாங்கி, எந்த இடத்தில் பிசகியது என்று தேடுவாரே, அந்தப் பார்வை.

ஆறரை மணிக்கு அப்பா திரும்பினார். அக்காவின் அம்மா சரத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா சன்னல் ஓரம் போய், துளையில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். நகத்தால் லேசாகச் சுரண்டி, நகத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுல என்னத்தப் போட்டு வச்சிய?"

"ஒண்ணும் போடலையே அண்ணாச்சி. மங்கிப் போயிருக்கேன்னு மந்திரிச்ச மெழுகுதிரித் துண்டு இருந்துச்சு, அதத் தேச்சுத் தொடச்சேன். காணிக்கை மாதா திருநாளுக்குக் கோயில்ல மந்திரிச்சுக் கொடுத்தது. ஆசீர்வாதமாவும் இருக்கும், பளபளப்பாவும் இருக்கும்னு..."

"மெழுகு." அப்பா தலையை ஆட்டினார். என் பல் வழுக்கியது முத்தின் மேல் அல்ல, மெழுகின் மேல். எனக்குக் காது சுட்டது. அடுத்த வார்த்தையாக அப்பா, முத்துதான் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் சரத்தைச் சுருட்டினார். "மெழுகு போவக் கழுவிப் பகல் வெளிச்சத்துல பாக்கணும். வச்சிட்டுப் போங்க. பாத்துட்டு நானே அவுக வீட்டுக்குப் போய்ச் சொல்லுதேன்."

அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போனார்.

"என்ன, முத்துதான?" என்று கேட்டாள் அம்மா.

"முத்துதான். நடுவுல உள்ளது ஆணிமுத்து. நம்ம கடையில அப்படி ஒண்ணு வந்து வருசமாச்சு."

"அப்ப அந்தப் பொம்பளட்ட இப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"புதன்கிழம பம்பாய்க்காரரு வாராரு. ரயில் இல்லாம மதுரையில மாட்டிக்கிட்டு, பஸ் பிடிச்சு வாராரு. பிள்ளை பல்லு தப்பாச் சொல்லிட்டுன்னு ஊருல ஒரு பேச்சு கிளம்புனா, அவரு நம்ம சரக்கக் கையால தொடுவாரா? ஏற்கனவே வாங்கிட்டுப் போனத எல்லாம் திருப்பிக் கொண்டாருவாரு. வியாழக்கிழம நானே போறேன். ஓலை ஞாயித்துக்கிழமதான. நாள் கிடக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ வாயத் தொறக்கப்படாது."

அப்பாவைக் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. கடைக்குப் பல்லைத் தவிர வேறு பெயர் கிடையாது. அது போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். நான்கு நாள் தாமதத்தால் ஒன்றும் கெட்டுவிடாது என்று மெய்யாகவே நம்பினார். என்னைப் பற்றித்தான் எழுத வேண்டும். அப்பா தடுக்காமல் இருந்திருந்தாலும் நான் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க மாட்டேன். அப்பா தடுத்தது எனக்கு வசதியாக இருந்தது. பதினொரு வயதில் தவறிச் சொன்னதை மன்னிக்கலாம், நானே மன்னித்திருப்பேன். தெரிந்த பிறகு சும்மா இருந்த நாட்களை என்ன செய்வது?

மே 13, திங்கள். தையல் வகுப்புக்கு வயிற்றுவலி என்று சொல்லிப் போகவில்லை. பத்து மணிக்குப் புறவாசலில் துணி உலர்த்தும்போது அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"ஏளா, வயித்துவலி தேவலையா?"

"ம்."

"அப்பா பாத்தாவளா? என்ன சொன்னாவ?"

துணியின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டே, "தெரியாதுக்கா" என்றேன்.

அக்கா என் வாயைப் பார்த்தார். "அது என்ன பல்லுளா உனக்கு? எலிப்பல்லு தோத்துப்போவும்" என்று சிரிக்கப் பார்த்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு கயிற்றில் கிடந்த ஈரத் துணியில் முகத்தை வைத்துக்கொண்டேன். புழுதி வாசனை அடித்தது. அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை என்னால் சகிக்க முடியவில்லை. அவருடையதை அல்ல, என்னுடையதை.

புதன்கிழமை பம்பாய் வியாபாரி வந்தார். தொப்பி, மூக்குக்கண்ணாடி, கசங்கிய வெள்ளைச் சட்டை. எங்கள் சரக்கிலிருந்து பதினாறு முத்து எடுத்துவைத்தார். அப்பா துடைத்தார், துளையைப் பார்த்தார், என்னிடம் நீட்டினார். பதினாறும் நறநறத்தன. பதினாறு முறை தலையாட்டினேன். அக்காவின் சரம் என் முழங்காலை இடிக்கும் இழுப்பறைக்குள் இருந்தது. பிறகு அவரும் அப்பாவும் கைகோத்து, கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார்கள். முத்து வியாபாரத்தில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்தும் அழுத்தியும் பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. துண்டு அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் வியாபாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, பெரிய மனிதருக்குச் செய்வதுபோல் தலை தாழ்த்தினார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை காலை அப்பா சரத்தைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துடைத்து, என்னைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். கடற்கரைச் சாலையில் வீடு. மாப்பிள்ளை வாசலில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்தார். மறுபடி சங்கிலியின் பக்கம் குனிந்தார்.

"முத்து சுத்தமான முத்து. மேல மெழுகு இருந்துச்சு. சின்னப்பிள்ள தெரியாமச் சொல்லிட்டா" என்றார் அப்பா. சரத்தை அத்தையின் முன்னால் வைத்தார்.

அத்தை அதைத் தொடவில்லை.

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் உங்க கைக்கு வந்துச்சுன்னு சொன்னாவளே அண்ணாச்சி?"

"ஆமா."

"இன்னைக்கு வியாழக்கிழம. பதினோரு முத்தக் கழுவ நாலு நாளா?"

அப்பா சரத்தை நேராக்கி வைத்தார். பம்பாய் வியாபாரியைப் பற்றிச் சொல்ல முடியாது அல்லவா?

"கழுவுததுக்கு ஒரு நாழி போதும். மாத்தி வைக்கத்தான் நாலு நாள் வேணும். உங்க கடையில இல்லாத முத்தா? பக்கத்து வீடு, தகப்பன் இல்லாத பிள்ள, நல்லது செய்யணும்னு செஞ்சிருப்பிய. நான் குத்தம் சொல்லல. ஆனா ஞாயித்துக்கிழம நான் பாத்ததும் இதுவும் ஒண்ணுன்னு நான் எப்படி நம்புவேன்?"

"சத்தியமா அதே முத்துதான்."

"இருக்கட்டும் அண்ணாச்சி. கண்ணாடியக் காட்டிப் பொண்ணு கொடுக்காவன்னு எங்க சனம் பூராவும் பேசியாச்சு. நேத்தே கோயிலுக்குப் போய்ப் பங்குச்சாமியப் பாத்து ஓலைய நிறுத்தச் சொல்லிட்டோம்."

நேற்று என்பது புதன்கிழமை. நான் பதினாறு முறை தலையாட்டிய நாள். ஞாயிறு மாலையே சொல்லியிருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. அவர்கள் பார்த்த சரத்தை, அதே மெழுகோடு, அவர்கள் கண் முன்னாலேயே துடைத்துக் காட்டியிருக்கலாம். அப்பா அதைத் தம்மிடம் வைத்துக்கொண்டதே அதன் மேல் அழிக்க முடியாத கறையாகிவிட்டது. சைக்கிளை நேராகப் பக்கத்து வீட்டு வாசலில் நிறுத்தினார். சரத்தை அக்காவின் அம்மாவிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னபோதும், புதன்கிழமையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

மே 19, ஞாயிறு. நாங்கள் ஆராதனை முடிந்து திரும்பும்போது, பெரிய கோயில் பூசை முடிந்து வந்த பெண்கள் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். "ரெண்டு ஓலை வாசிச்சாவ, மூணாவதக் காணோமே" என்றாள் ஒருத்தி. "முத்து கண்ணாடியாம்ல. முத்துக்காரரு பிள்ளையே சொல்லிட்டாம்" என்றாள் மற்றவள். அவர்களுக்கும் முன்னால் அக்காவும் அவர் அம்மாவும் ஒரே குடையில் போனார்கள். வேகமாக நடக்கவில்லை. பூசைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போயிருந்தார்கள். மூன்றாவது ஓலை வாசிக்கப்படாததைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருந்தார்கள்.

அக்காவுக்குப் பிற்பாடு வேறு ஊரில் திருமணம் நடந்தது; பிள்ளைகள் உண்டு என்று கேள்வி. என் தோழிகள் சிலரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "அப்ப நல்லபடியா முடிஞ்சுதே" என்றார்கள். அப்படிச் சொல்லி ஆறுதல் அடையும் உரிமை எனக்கு இல்லை என்பதால் அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

மே 20, திங்கள், காலை பதினொரு மணி. கடையில் ஆள் இருந்த நேரம்: நாசரேத்திலிருந்து பவளம் வாங்க வந்த ஒரு வாத்தியாரம்மா, அவர் மகள், எதிரிலிருந்த பெட்டிக்கடைக்காரர், தபால்காரர். அக்கா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு படியேறி வந்தார். சரத்தை அறுத்து, பதினொரு முத்தையும் உதிரியாகப் போட்டிருந்தார்.

"அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பாக்கணும்."

அப்பா எழுந்துவிட்டார். "எதுக்கும்மா இதெல்லாம்? நான்தான் முத்துன்னு சொல்லிட்டேனே."

"நீங்க அவுக வீட்டுக்குள்ள போய்ச் சொன்னிய. தெருவுக்கு இவதான சொன்னா? இவளே சொல்லட்டும்." என் முன்னால் கிண்ணத்தை வைத்தார். "கல்யாணத்துக்காகக் கேக்கல. அது முடிஞ்சுபோச்சு. எங்க அப்பா கடலுக்குள்ள முங்கிக் கண்ணாடி மணி எடுத்துட்டு வரலன்னு இவ சொல்லணும். அவ்வளவுதான்."

வாத்தியாரம்மா பவளத்தைக் கீழே வைத்தார். தபால்காரர் போகவில்லை.

அப்பா துணியை எடுத்து என்னிடம் கொடுத்தார். உருப்பெருக்கியை என் பக்கம் நகர்த்தினார். முதல் முத்தைத் துடைத்தேன், துளையைப் பார்த்தேன், பல்லில் வைத்தேன். நறநறவென்றது.

"முத்து" என்றேன்.

"கேக்கல" என்றார் அக்கா.

"முத்து!"

இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் துணி, துளை, பல், ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் தெருவுக்குக் கேட்கும்படி சொன்னேன். ஆறாவதில் குரல் உடைந்தது. அக்கா காத்திருந்தார். பத்து முத்து முடிந்தது. பதினொன்றாவதாகக் கிண்ணத்தில் கிடந்தது நடுவில் இருந்த பெரியது. கையை நீட்டினேன்.

அக்கா எனக்கு முந்திக்கொண்டு அதை எடுத்து உள்ளங்கையில் மூடினார்.

"இது வேண்டாம். இதுல ரெண்டு தடவ உன் பல்லு பட்டாச்சு."

"அக்கா, அன்னைக்கு..."

"திங்கக்கிழம தெரியாதுன்னு சொன்னல்லா, அப்பவே எனக்குத் தெரியும்ளா. துணியப் பாத்துக்கிட்டுச் சொன்ன. என் முகத்தப் பாத்துச் சொல்லல." குரலை உயர்த்தவில்லை. "மறுநாளாவது வருவ, நீயே சொல்லுவன்னு பாத்தேன். புதன்கிழம வரைக்கும் பாத்தேன்."

பத்து முத்தையும் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, துடைத்த துணியை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வாத்தியாரம்மா பவளம் வாங்காமல் போனார். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. மாலையில் அம்மா கேட்டாள்: "அவ வீட்டுக்குப் போறியா?"

மே 21, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் முன்பே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அக்காதான் திறந்தார். நான் வாயெடுப்பதற்குள் உள்ளே நடந்துவிட்டார். பின்னாலேயே போனேன். தையல் மெஷின் மேல் ஒரு வெள்ளைப் பட்டு ரவிக்கை கிடந்தது. கல்யாணச் சேலையும் ரவிக்கைத் துணியும் மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது வழக்கம். திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். அவர் அதை ஏற்கனவே தைத்து முடித்திருந்தார்.

பாதி பிளேடு ஒன்றையும் ரவிக்கையையும் என் மடியில் போட்டார். "துணியாத்தான் வந்துச்சு. துணியாத்தான் போவணும். கிழியாமப் பிரி."

சன்னலடியில் உட்கார்ந்தேன். கழுத்துப்பட்டி முழுவதும் கைத்தையல். இவ்வளவு நெருக்கமாக அவர் வேறு எதையும் தைத்து நான் பார்த்ததில்லை. பிளேடு நுழைய இடம் தேடி, முதல் தையலை அறுத்தேன்.